நிஸாவும் பத்தில் ஒன்றும்

நஜ்முன் நிஸாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எந்தக் கணக்கையும் ஒரு தடவை செய்து விடை கண்டால் அவளுக்குத் திருப்தி வராது. வேறொரு வழியாலும் செய்து பார்ப்பாள். இரண்டு விடையும் ஒன்றாக வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். வராவிட்டால் இன்னும் மலர்ந்துவிடும். அப்போதுதானே தேடுவதற்கு ஏதாவது கிடைக்கும்!

நாடு சுதந்திரம் பெற்ற வருஷம், திருகோணமலைக் குடாக் கரையிலுள்ள கிண்ணியாவில் பிறந்தவள் அவள். வாப்பா கலீலுர் றஹ்மான் நெல் வியாபாரி. மகள் கணக்கில் முதலாவதாக வர வர அவருக்குப் பெருமையும் கூடியது, பயமும் கூடியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தபோது ஊர் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொம்புளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பப் போறீங்களா?" என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் கேட்டார்.

"நான் எங்க அனுப்புற? அவள் போறாள். நான் ரங்குப் பெட்டியத் தூக்கிக்கொண்டு பின்னால போறன்," என்றார் வாப்பா.

சொன்னபடியே செய்தார். கிண்ணியாத் துறையைக் கடக்கும் மிதவையை ஊரில் 'பாதை' என்பார்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, மலைநாடு வரைக்கும் போய் மகளை விடுதி வாசலில் விட்டுவிட்டு வந்தார். படித்து முடித்துத் திரும்பிய நிஸா கொஞ்சக் காலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். பிறகு தாய்மாமன் மகன் ஸஹாப்தீனைக் கலியாணம் முடித்தாள்.

ஸஹாப்தீனிடம் ஒரு மோட்டர் போட் இருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். எஞ்சின் சத்தத்துக்குமேல் பாட்டுப் பாடிக்கொண்டுதான் எப்போதும் போட் ஓட்டுவான். குரல் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் கப்பல்காரருக்கு வசதி.

அவனுடைய போட்டை அடிக்கடி வாடகைக்குப் பிடிப்பவர் பாக்கியரத்தினம். வெளிநாட்டுக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து களைத்துப்போய், திருகோணமலை நகரத்தில் துறைமுகத்துக்கு அருகே ஓர் அலுவலகம் போட்டிருந்தவர். கப்பலில் எவ்வளவு சரக்கு ஏறியிருக்கிறது என்று அளந்து சொல்வது அவருடைய வேலை. சரக்கைத் தராசில் வைக்க முடியாது. கப்பலையேதான் தராசாக்க வேண்டும். வெறுங் கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது, புல்மோட்டைக் கறுப்பு மணலையோ தேயிலையையோ ஏற்றிய பிறகு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று, அதன் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரால் எழுதிய இலக்கங்களை போட்டில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு கடல்நீரின் அடர்த்தி, கப்பலின் சரிவு, தாங்கிகளில் உள்ள தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீண்ட கணக்கு. எல்லாம் தசமத்தில். அந்தக் கணக்கு முடியும்வரைக்கும் கப்பல் நங்கூரத்தைத் தூக்க முடியாது. கப்டன்மார் மேல்தட்டில் உலாவிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் போட்டில் வரும்போது பாக்கியரத்தினம் கேட்டார்: "ஸஹாப்தீன், உங்கட ஊரில கணக்குப் பிழைவிடாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ? எனக்கு ஒரு துணை வேணும்."

"ஊரப்பத்தித் தெரியாது சேர். வீட்டில ஒரு ஆள் இரிக்கு. பிழை கண்டா சந்தோசப்படுற ஆள்."

அப்படித்தான் நிஸா பள்ளிக்கூடத்தை விட்டு அந்த அலுவலகத்துக்கு வந்தாள். காலையில் கணவனுடைய போட்டில் குடாவைக் கடந்து நகரத்துக்கு வருவாள். மாலையில் அதே போட்டில் திரும்புவாள். போகிற வழியில் மீன்கொத்தியையும் கப்பல் கொடிகளையும் பார்த்துக்கொண்டு வருவது, வகுப்பறையில் சோக்குக்கட்டி தேய்ப்பதைவிட அவளுக்குப் பிடித்திருந்தது. பாக்கியரத்தினம் ஒரு பக்கம் கணக்குச் செய்வார். நிஸா வேறொரு வழியால் அதே கணக்கைச் செய்வாள். இரண்டும் பொருந்தினால்தான் கப்பலுக்குக் கடதாசி போகும்.

எண்பதாம் ஆண்டு கழிந்த பிறகு ஒரு நாள், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்றிலிருந்து மரப்பெட்டி ஒன்று இறங்கியது. பாக்கியரத்தினம் கல்யாண வீட்டுக்காரரைப்போல அங்குமிங்கும் ஓடினார். "மெதுவா! மெதுவா! அது கண்ணாடிச் சாமான்!" பெட்டிக்குள் இருந்தது ஒரு கொம்பியூட்டர். பச்சை எழுத்துத் தெரியும் சின்னத் திரை, தட்டச்சு யந்திரம் போன்ற விசைப்பலகை, கறுப்புச் சதுர உறைக்குள் அடைத்த மெல்லிய டிஸ்க்குகள் சில. அவற்றில் ஒரு டிஸ்க்கில் ஒரு கொம்பைலர் இருந்தது.

யந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றும் பூச்சியமும் மட்டும். மனிதர் வாசிக்கக்கூடிய சொற்களில் நாம் எழுதிக் கொடுப்பதை அந்த ஒன்று பூச்சியமாக மாற்றிக் கொடுப்பதுதான் கொம்பைலர். உடன் வந்த கைநூலை நிஸா ஒரு கிழமைக்குள் கரைத்துக் குடித்துவிட்டாள். அடுத்த கிழமை கப்பல் கணக்கை அதன் மொழியில் எழுதி முடித்தாள்.

ஒரேயொரு குறை. அந்தக் கொம்பைலருக்குத் தசமம் தெரியாது. முழு எண்கள் மட்டும்தான். ஏழு தசம் நான்கு மூன்று மீற்றரை எழுநூற்று நாற்பத்துமூன்று சென்ரிமீற்றர் என்று எழுதலாம்தான். ஆனால் அப்படி எழுதிப் பெருக்கினால் எண் பெருத்துக்கொண்டே போகும். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டியதும் யந்திரம் தலைகீழாகிக் கழித்தல் பக்கத்துக்குப் போய்விடும். முதல் நாள் உண்மையான கப்பலொன்றின் கணக்கைக் கொடுத்தபோது, ஏற்றிய சரக்கு கழித்தல் பன்னிரண்டாயிரம் தொன் என்று திரையில் வந்தது.

பாக்கியரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "என்ன பிள்ளை, கப்பல்காரன்தான் எங்களுக்கு மணல் தரவேணுமாமே?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு நிஸா சொன்னாள்: "சேர், இதுக்கு நாங்களே தசமம் படிப்பிச்சா என்ன?"

"கொம்பைலருக்கோ? அது செய்து வந்த சாமானெல்லோ. அதைத் திறக்க ஏலுமோ?"

"ஏலும் சேர். அத எழுதின ஆக்கள் முதல்ல சொல்லில எழுதின அதுட மூலத்தையும் இன்னொரு டிஸ்க்கில போட்டு அனுப்பியிருக்காங்க. நான் வாசிச்சுப் பாத்தன். அது என்ன மொழியில எழுதியிரிக்கு எண்டு சொல்லுங்க பாப்பம்?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"அதே மொழியிலதான்! அந்தக் கொம்பைலர் மாத்தித் தாற மொழியிலயே அந்தக் கொம்பைலரையும் எழுதியிருக்காங்க."

பாக்கியரத்தினம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அதை ஆர் மாத்தினது? தன்னைத் தானே பெத்ததோ?"

"இல்ல சேர். அதுட உம்மா பெத்தது. இதுக்கு முந்தின கொம்பைலர் இதுட மூலத்த மாத்தி இத உண்டாக்கினது. அந்த உம்மாவ அதுட உம்மா."

"அப்பிடியே போனால்?"

"அப்பிடியே போனா, கடைசியில ஆரோ ஒரு மனிசன் இருந்து, கையால ஒண்டும் பூச்சியமுமா எழுதியிருப்பான். பாவம்."

அன்றிலிருந்து கப்பல் இல்லாத நாட்களிலெல்லாம் நிஸாவுக்கு அதுதான் வேலை. தசமத்தைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, பிரிப்பது என்று ஒவ்வொன்றாக மூலத்தில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் முழு எண்களை வைத்தே செய்ய வேண்டும், ஏனென்றால் மாற்றப்போவது தசமம் தெரியாத பழைய கொம்பைலர். கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பு உளி செய்வதுபோல் இருந்தது அந்த வேலை.

அவள் ஒரு திட்டம் போட்டாள். முதலில் எப்படியாவது ஓர் இடைக் கொம்பைலர். அதன் மூலம் அழகாக இருக்கத் தேவையில்லை. பழையது விளங்கிக்கொண்டால் போதும். ஆனால் அதற்குத் தசமம் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அந்த இடையதை வைத்து, தசமத்தைத் தாராளமாகப் பயன்படுத்தி எழுதிய நல்ல புதிய கொம்பைலரை மாற்றிக்கொள்ளலாம்.

இடையதில் ஓர் இடம் அவளைக் கஷ்டப்படுத்தியது. பத்தில் ஒன்று எவ்வளவு என்று யந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் 'தசம் நான்கு', 'தசம் மூன்று' என்று வருவதையெல்லாம் அது வாசிக்கும். பிரிக்கும் பகுதியை அவள் அப்போது இன்னும் எழுதியிருக்கவில்லை. ஆகவே பத்தில் ஒன்றை ஒன்று பூச்சியமாகக் கையால் கணக்குப் பார்த்து, அந்த நீண்ட வரிசையைத் தானே விசைப்பலகையில் அடித்துவிட்டாள்.

இடைக் கொம்பைலர் பிறந்தது. டிஸ்க் பெட்டி கரகரவென்று முனகி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் வேலையை முடித்தது. அதன் தலையில் புதியதன் மூலத்தைக் கட்டினாள். அந்த மூலத்தில் பத்தில் ஒன்றுக்கு நீண்ட வரிசை எதுவும் கிடையாது. சும்மா '0.1' என்று எழுதியிருந்தாள். அதுதான் இப்போது தசமம் தெரிந்த கொம்பைலர் ஆச்சே! புதியது பிறந்தது. புதியதைக் கொண்டு அதே மூலத்தைத் திரும்ப மாற்றினாள். இன்னுமொரு புதியது. தாயையும் மகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஓர் எழுத்தும் வித்தியாசமில்லை என்றது யந்திரம். வேறு வழியால் செய்து பார்த்தும் அதே விடை. நிஸாவுக்குக் கைகால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

'7.43' என்று அடித்தாள். '7.43' என்று திரை திருப்பிச் சொன்னது.

"சேர்! சொல்லுது!"

பாக்கியரத்தினம் உடனே ஆளனுப்பி இனிப்பும் வடையும் எடுப்பித்தார். ஸஹாப்தீன் இறங்குதுறையிலிருந்து ஓடி வந்து, திரையைக் குனிந்து பார்த்து, "ஏழு தசம் நாலு மூணு எண்டு சொல்ல நாலு மாசமா?" என்று கேட்டு, மனைவியிடம் முதுகில் ஓர் அடி வாங்கிக்கொண்டான். புது டிஸ்க் வாங்குவதென்றால் கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இடம் போதாததால் இடைக் கொம்பைலரின் மூலத்தை நிஸா அழித்துவிட்டாள். ஏறி வந்தாயிற்று, இனி எதற்கு ஏணி?

கப்பல்கள் வந்தன, போயின. கப்டன்மார் மேல்தட்டில் உலாவத் தொடங்குமுன்பே கடதாசி தயாராகிவிட்டது. ஆனாலும் நிஸா பழக்கத்தை விடவில்லை. கையாலும் செய்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்தவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. யந்திரத்தின் விடை எப்போதும் ஒரு தொன், ஒன்றரைத் தொன் விலகியே நின்றது.

"பெரிய கப்பலில ஒரு தொன் என்ன பிள்ளை? ஒரு அலை அடிச்சால் அவ்வளவு வித்தியாசம் வரும்," என்றார் பாக்கியரத்தினம்.

"அலை எண்டா ஒருக்கா கூடும், ஒருக்கா குறையும் சேர். இது ஒவ்வொரு தரமும் ஒரே பக்கமா விலகுது."

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "அது நியாயம். தேடுங்கோ."

தேடினாள். கப்பல் கணக்கில் பிழையில்லை. கொம்பைலரின் மூலத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தாள். பாக்கியரத்தினத்துக்கும் வாசித்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் குறுக்குக் கேள்வி கேட்டார். ஒரு வரியிலும் பிழையில்லை. பத்தில் ஒன்று வேண்டிய இடத்தில் '0.1' என்றுதான் இருந்தது. அதில் என்ன பிழை இருக்க முடியும்? திரையும் இரண்டு இலக்கத்துக்குச் சீராக்கிக் காட்டுவதால், ஏழு தசம் நான்கு மூன்று என்றால் ஏழு தசம் நான்கு மூன்றாகவே வந்தது. நிஸாவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பிழை ஒன்று கண்டும் சந்தோஷம் வரவில்லை.

இந்த நிலையில்தான் பாக்கியரத்தினம் அந்த வேலையைச் செய்தார்.

சரக்கு அளப்பதோடு கப்பல்களின் திசைகாட்டியைச் சரிபார்ப்பதும் அவர் தொழில். கப்பலின் இரும்பு திசைகாட்டியின் முள்ளை இழுக்கும். அந்த இழுவையை ஈடுசெய்ய முள்ளுக்குக் கீழே சின்னக் காந்தக் கம்பிகளைச் செருக வேண்டும். அன்று ஒரு கப்பலில் அந்த வேலையை முடித்துவிட்டு, நல்ல மனநிலையோடு அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அந்தக் கப்பலின் கப்டன். "எங்கட யந்திரத்தைப் பாருங்கோ," என்று கூட்டிவந்தவர், கையிலிருந்த பையை மேசையில் வைத்தார். பைக்குள் அந்தக் காந்தக் கம்பிகள் ஒரு கட்டு. பைக்குக் கீழே கொம்பைலர் டிஸ்க்.

டிஸ்க்கில் எழுத்துப் பதிந்திருப்பதே காந்தமாகத்தான். கப்டன் குளிர்பானம் குடித்து முடித்து, பையைத் தூக்கி, டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தபோது யந்திரம் ஒன்றும் பேசவில்லை. இடையதும் போய்விட்டது, புதியதும் போய்விட்டது. அவற்றில் மாற்றிய கப்பல் கணக்கும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. அதுவும் போய்விட்டது.

கப்டன் மெல்ல விடைபெற்றுப் போனார். பாக்கியரத்தினம் காந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கிளாஸ் உடைத்த பிள்ளைபோல நின்றார்.

"பிள்ளை... நான்..."

"பரவாயில்ல சேர்," என்றாள் நிஸா. குரல் மட்டும் அப்படிச் சொன்னது. எழுந்து இறங்குதுறைக்குப் போய் போட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஸஹாப்தீன் சிக்கிக்கிடந்த ஒரு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன நிஸா, முகம் இருண்டு கிடக்கு?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். புதியதன் மூலமும் கப்பல் கணக்கின் மூலமும் அலுமாரியில் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புதியதை மாற்ற இடையது வேண்டும், பழையதால் ஏலாது. இடையதன் மூலத்தை அவளே அழித்துவிட்டாள்.

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். "பழையது இரிக்கா?"

"பழையது வந்த பெட்டியிலயே இரிக்கு."

"அப்ப என்ன? அதுட உம்மா இரிக்கிறாதானே. இன்னொரு புள்ள பெறட்டும்."

நிஸா அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மூக்கைத் துடைத்தாள். பிறகு போட்டிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கே திரும்ப நடந்தாள். போகும்போது வாசலில் பாக்கியரத்தினம் காந்தங்களை ஒரு மரப்பெட்டியில் போட்டு, வளவின் மறுகோடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரம் கொண்டுபோகவேணும் பிள்ளை?"

"அது போதும் சேர். கடலில போடாதீங்க. திசைகாட்டிக்கு வேணும்."

இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. முன்னர் தட்டுத்தடுமாறிய இடங்களில் இப்போது விரல்கள் தாமாக ஓடின. பாக்கியரத்தினமும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வாசிக்க அவள் அடித்தாள். களைத்தபோது அவள் வாசிக்க அவர் ஒற்றை விரலால் அடித்தார். பத்தில் ஒன்று வருகிற இடம் வந்ததும் நிஸா நின்றாள். அந்த நீண்ட ஒன்று பூச்சிய வரிசை அவளுக்கு நினைவில்லை. திரும்பக் கையால் கணக்குப் பார்க்கச் சலிப்பாக இருந்தது. பிரிக்கும் பகுதிதான் இப்போது கைவசம் இருக்கிறதே! புதியதன் மூலத்திலிருந்து அந்தப் பகுதியை எடுத்து, முழு எண்ணாக்கி, இடையதில் ஒட்டினாள். ஒன்றைப் பத்தால் பிரித்துப் பத்தில் ஒன்றை நீயே கண்டுபிடி என்று யந்திரத்திடமே விட்டுவிட்டாள்.

பழையது இடையதைப் பெற்றது. இடையது புதியதைப் பெற்றது. புதியது தன்னைத் தானே மாற்றியது. ஒப்பிட்டாள். தாயும் மகளும் ஒன்று. புதியதன் மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. அலுமாரியிலிருந்து எடுத்தபடியே போட்டாள். ஆகவே அந்த ஒரு தொன் பிழையும் திரும்ப வரத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கப்பல் கறுப்பு மணல் ஏற்றிய பெரிய கப்பல். நிஸாவும் போட்டில் போனாள். ஸஹாப்தீன் கப்பலைச் சுற்றிச் சுற்றி போட்டை ஓட்ட, பாக்கியரத்தினம் இலக்கங்களைச் சத்தமாக வாசிக்க, அவள் எழுதினாள். அலுவலகத்துக்கு வந்து முதலில் கையால் கணக்கைச் செய்து முடித்தாள். பிறகு யந்திரத்திடம் கொடுத்தாள்.

விடை வந்தது. நிஸா தன் தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பத் தாளைப் பார்த்தாள். தொன் மட்டுமல்ல, தசமத்துக்குப் பிறகு உள்ள இலக்கங்களும் பொருந்தியிருந்தன.

"சேர், இங்க வாங்க."

"என்ன, திரும்பக் கழித்தலோ?"

"சரியா வந்திரிக்கு."

"அப்ப சந்தோசம்தானே?"

"இல்ல சேர், ஏன் சரியா வந்த? நான் ஒண்டும் திருத்தல்லயே! அதே மூலம். முந்திப் பிழையா வந்திச்சு, இப்ப சரியா வருது."

நிஸா எழுந்து அறைக்குள் மேலும் கீழும் நடந்தாள். முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மூலம் ஒன்றே. மாறியது எது? இடையது. இடையதில் மாறியது எது? பத்தில் ஒன்று.

அவள் சட்டென்று நின்றாள். ஒரு தாளை எடுத்து, பத்தில் ஒன்றுக்கு முன்பு எப்படிக் கணக்குப் பார்த்தாளோ அப்படியே திரும்பப் பார்த்தாள். இம்முறை மெதுவாக. ஒன்றும் பூச்சியமும் இரண்டிரண்டாக மாறி மாறி வரும் அந்த வரிசையில், ஓரிடத்தில் ஒன்றை விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. அப்படி ஒன்றை விட்டால் கப்பலில் எவ்வளவு பிழைக்கும் என்று பெருக்கிப் பார்த்தாள். ஒரு தொன், ஒன்றரைத் தொன்.

கைகொட்டிச் சிரித்தாள். பாக்கியரத்தினம் பயந்துவிட்டார்.

"சேர், கேளுங்க. புதியதுட மூலத்தில '0.1' எண்டுதான் இரிக்கு. அத மாத்தேக்க அது என்ன செய்யும்? '0.1' எண்டா எவ்வளவு எண்டு தனக்குத் தெரிஞ்சத எடுத்துப் பிள்ளைக்குக் குடுக்கும். தனக்கு எப்பிடித் தெரியும்? தன்ட உம்மா குடுத்தது. உம்மாக்கு இடையது குடுத்தது. இடையதுக்கு நான் குடுத்தன், பிழையா! நான் எழுதின அந்த வரிசைய அழிச்சிட்டன். ஆனா பிழை அழியல்ல. மூலத்தில எங்க தேடினாலும் கிடைக்காது. கொம்பைலருக்குள்ள இருந்து கொம்பைலருக்குள்ள போய்க்கொண்டே இருந்திருக்கு."

"தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி எண்டு நீர் பாத்தனீரெல்லோ?"

"ஒரே மாதிரித்தான் சேர். ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழை!"

பாக்கியரத்தினம் அதை மனதில் உருட்டிப் பார்த்தார். விளங்க விளங்க அவர் முகம் விரிந்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அந்தப் பிழையை அடியோட அழிச்சது ஆர்?"

நிஸா யோசித்தாள். பிழை இருந்த எல்லாத் தலைமுறையையும் ஒரேயடியாகத் துடைத்து, அவளைப் பழையதுக்கே திருப்பி அனுப்பியது...

"நான்!" என்றார் பாக்கியரத்தினம். "என்ர காந்தம்! நான் கப்டனுக்குக் குளிர்பானம் வாங்கிக் குடுத்ததாலதான் எங்கட கணக்குச் சரிவந்தது!"

அன்று மாலை போட்டில் போகும்போது ஸஹாப்தீனுக்கும் எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒன்று பூச்சியம் பற்றிக் கவலையில்லை. கிண்ணியாக்காரனுக்குத் தயிர் தெரியும். ஆகவே நிஸா தயிரை வைத்தே சொன்னாள்: "உறை மோசமெண்டா மச்சான், பால் எவ்வளவு நல்லாயிருந்தாலும் தயிர் சரிவராதுதானே? அந்தத் தயிர எடுத்து அடுத்த பாலுக்கு உறை வெச்சா? அதுவும் அப்பிடித்தான். நான் பாலைத்தான் கிண்டிக் கிண்டிப் பாத்துக்கொண்டிருந்தன்."

"இதச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றான் ஸஹாப்தீன். ஆனால் அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எஞ்சினை முடுக்கி, நங்கூரமிட்டு நின்ற அந்தக் கறுப்பு மணல் கப்பலை ஒரு தடவை வீணாகச் சுற்றினான். மேல்தட்டில் நின்ற மாலுமி, யாரோ தெரிந்தவர்கள் என்று நினைத்துக் கையாட்டினான். நிஸாவும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் ஓர் ஏணியையும் எறியவில்லை. கொழும்பிலிருந்து வந்த புது டிஸ்க்குகளில் பழையது, இடையது, புதியது எல்லாவற்றையும் மூலத்தோடு பிரதியெடுத்து ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, கிண்ணியா வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்தாள். நகரத்தில் காந்தம் இருக்கும் இடத்துக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவே ஒரு குடா முழுவதும் இருந்தது. பாக்கியரத்தினத்துக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் கொம்பைலருக்கு வர்க்கமூலமும் படிப்பித்துவிட்டாள். அதை மாற்றிப் பார்க்கும் அன்று காலை, பாக்கியரத்தினம் நேரத்தோடேயே வந்து, சட்டைப்பையையும் காற்சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டி, "பாருங்கோ, என்னட்டை ஒரு இரும்புத் துண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டுத்தான் அறைக்குள் நுழைந்தார். டிஸ்க் பெட்டி கரகரக்கத் தொடங்கியது. தேத்தண்ணி வந்தது. வெளியே துறைமுகத்தில் புதிதாக உள்ளே வரும் கப்பலொன்று ஊதியது.

"போட்டை எடுக்கச் சொல்லட்டோ?" என்றார் அவர்.

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றாள் நிஸா, பச்சை எழுத்துகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மகள் பிறக்கட்டும்."